வாசல் எந்தப் பக்கம்?

1

ரேஷன் கடைக்குப் பக்கத்தில் எங்கள் இரவுப் பாடசாலை. அதன் சுவரில் அன்று ஒரு வரைபடத்தை ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மீன் விற்கப் போனவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர்கள் என்று எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வடசென்னையில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற ஒரு பெரிய சாலை. அந்தச் சாலைக்கும் ஒரு குடோனின் மதிலுக்கும் நடுவில் கிடக்கிற நாடா மாதிரியான நிலத்தில் 64 குடும்பங்கள். நான் அங்கே பத்து வருடமாகப் போய் வருகிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவன், பிறகு மனு எழுதிக் கொடுக்கிறவன் ஆனேன், பிறகு கூட்டம் போடுகிறவன் ஆனேன். 'காலி பண்ணுங்க' என்று வந்த அதிகாரிகளை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறோம். கடைசியில் 'இதே இடத்தில் கட்டித் தருகிறோம்' என்ற பேச்சு வந்தது. அதற்கான வரைபடம்தான் சுவரில் இருந்தது.

வரைபடத்தைக் கொண்டுவந்த பொறியாளர் நல்ல மனிதர். எங்கள் வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தரையில் உட்கார்ந்து பேசினார். நிலத்தின் நீளம் 330 அடி, அகலம் 42 அடி. தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளங்கள், தளத்துக்கு 16 வீடுகள். ஒரு வீட்டின் அகலம் பதினேழரை அடி, ஆழம் பதினெட்டரை அடி. ஏறக்குறைய 323 சதுர அடி. அதாவது 30 சதுர மீட்டர். ஏழைகளுக்கான வீடு என்று பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம் முதலில் சொன்ன உச்ச அளவு அதுதான். வீடுகளை ஒட்டி அய்ந்தடி அகலத்தில் பொது நடைபாதை. சாலைப் பக்கம் பத்தடியும் குடோன் பக்கம் ஏழடியும் காலி இடம்.

இந்த நடைபாதையை எந்தப் பக்கம் வைப்பது? வாசல் எந்தப் பக்கம் திறக்கும்? பொறியாளர் குடோன் பக்கம் வைத்திருந்தார். சாலைப் பக்கம் குளியலறை, கழிப்பறை, சமையலறை. அவற்றுக்கு மேலே சின்னச் சின்ன ஜன்னல்கள். இரைச்சலும் தூசியும் உள்ளே வராது, பிள்ளைகள் சாலைக்கு ஓடமாட்டார்கள் என்று விளக்கினார். எனக்கு அது சரியாகப் பட்டது. நானே எழுந்து நின்று ஆதரித்துப் பேசினேன். பேச்சு வேகத்தில் ஒரு காரியமும் செய்தேன். மூன்று வருடத்துக்கு முன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போன எங்கள் மாணவன் ஒருவனை, ஏழு வயசுப் பையனை, நினைவுபடுத்தினேன். "அந்த மாதிரி இன்னொண்ணு நடக்கக் கூடாதுன்னா வாசல் பின்பக்கம்தான் இருக்கணும்" என்றேன்.

அந்தப் பையனின் ஆயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்டார்: "இன்னா சார், ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கினு கீது வூடு?"

பொறியாளர் மறுபடியும் பொறுமையாக இரைச்சல், தூசி என்று ஆரம்பித்தார். ஆயா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எம் பேரன் செத்தத சாக்கா வச்சுப் பேசாத கண்ணு. வாசல்ல ஒரு படி கெடையாது, புடிச்சுக்க ஒரு கம்பி கெடையாது. கதவத் தொறந்தா நேரா லாரிதான். அத மாத்திக் குடுங்கன்னா, கதவயே தூக்கிப் பின்னால வச்சுட்டீங்க. குடோன் மதிலப் பாத்துக்கினு நாங்க இன்னா பண்றது?"

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. இந்தக் கட்டுரை அந்த மவுனத்திலிருந்து எழுதப்படுகிறது.

2

நான் தென்னார்க்காட்டுக் கிராமத்தான். எங்கள் தெரு தார்ச்சாலையிலிருந்து இரண்டு பர்லாங்கு உள்ளே. ஊர்த் தெருக்களைச் சுற்றி, ஏரிக்கரையில் ஏறி இறங்கித்தான் எங்கள் தெருவுக்கு வர முடியும். பிணம் போக ஒரு வழி, மாடு போக ஒரு வழி, நாங்கள் போக ஒரு வழி. பஸ் ஊர் முகப்பில் நிற்கும். எங்கள் தெருவுக்குத் தனியாக நிறுத்தம் கேட்டு என் அப்பா மனு கொடுத்த வருடம் நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். நான் எம்.ஏ. முடித்த வருடம்தான் நிறுத்தம் வந்தது. எங்கள் வீடுகளின் வாசல் எந்தச் சாலையையும் பார்த்ததில்லை. எங்களைப் பார்க்க வேண்டும் என்றால் தேடி வர வேண்டும். தேடி வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது வேறு கதை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 'சேரி' என்ற சொல்லுக்கு ஆதியில் சேர்ந்து வாழும் இடம் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த பகுதிகளே பன்னிரண்டு சேரிகள் என்றுதான் சொல்லப்படுகின்றன. அதே சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு என்று பிரித்து எழுதுகின்றன. பிறகு மற்ற எல்லோருடைய சேரியும் தெருவாக, வீதியாக, அக்ரகாரமாக மாறிவிட்டது. சேரி என்ற சொல் எங்களோடு மட்டும் தங்கிவிட்டது. சொல்லில் எந்தக் குற்றமும் இல்லை. அந்த இடத்தைச் சாலையிலிருந்து தள்ளி வைத்தார்கள், பின்பக்கமாக வைத்தார்கள், சொல்லும் தாழ்ந்துபோனது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் சொல்லை நீக்கினாலும் திசை அப்படியேதான் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் நெடுநல்வாடை படித்தேன். அரசனின் அரண்மனைக்கு நிழலை வைத்துத் திசை பார்த்து, கயிறு பிடித்து அளந்து மனை வகுத்த வித்தையை அதில் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். என் தெருவுக்கு யார் கயிறு பிடித்தார்கள், எந்தத் திசை பார்த்து எங்களைக் கிழக்கே ஒதுக்கினார்கள் என்ற கேள்வி எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை.

சாலை எங்களுக்குச் சும்மா கிடைத்ததில்லை தோழர்களே. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே சிறைக்குப் போனார்கள். 1925-இல் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்போதும் திறக்கவில்லை. அதே 1924-இல்தான் பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். நூறு வருடம் கழிந்த பிறகும் செருப்புப் போட்டு நடந்ததற்காக, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றியதற்காக அடிக்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில், ஒரு பெரிய சாலையைப் பார்த்துத் திறக்கிற கதவு வெறும் கதவா?

ஆயாவின் கேள்வியில் இவ்வளவும் இருந்தது. அவர் வைக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். அவருடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. நான் இதையெல்லாம் படித்தவன், மேடையில் பேசுகிறவன். வரைபடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

3

நியாயமாகப் பேச வேண்டும். பொறியாளர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது. இந்த நாட்டில் 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு தோழர் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் பார்த்தார், எண்பதைத் தாண்டியது. கைப்பேசிக் கணக்கு துல்லியமானதல்ல என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்கவில்லை என்பதற்குக் கருவி தேவையில்லை. சாலையின் இரைச்சல், தூரம் இருமடங்கானால் மூன்று டெசிபல்தான் குறையும். 42 அடி அகலத்தில் எங்கே போய்த் தூரத்தைத் தேடுவது? அதனால் இடையில் எதையாவது நிறுத்த வேண்டும். கழிப்பறையும் சமையலறையும் சாலைப் பக்கம் இருந்தால், படுக்கிற அறைக்கு அவையே மதில்.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் பைக்கர் பகுதியில் இதை ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நீளத்துக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பெரிய மோட்டார் சாலை வரப்போகிறது என்று திட்டம். கட்டடக்கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின் 1969-இலிருந்து தொழிலாளர்களுக்கான வீடுகளையே நீண்ட மதிலாக, வளைந்து நெளிந்து போகிற மதிலாக வடிவமைத்தார். வெளிப்பக்கம் சின்ன ஜன்னல்கள். உள்பக்கம் வெயில், பால்கனி, தோட்டம். 'பைக்கர் மதில்' என்றே அதற்குப் பெயர். அவர் அலுவலகத்தை அந்தத் தெருவிலேயே, பழைய சவ அடக்கக் கடை ஒன்றில் திறந்து வைத்தார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கேட்கலாம். இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அங்கேயும் பழைய குடிகளில் பெரும்பாலோர் புது வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை. அந்த மோட்டார் சாலையும் நினைத்த வடிவத்தில் வரவில்லை. மதில் மட்டும் நிற்கிறது.

நமக்கு மதில் என்றால் என்ன ஞாபகம் வரும்? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு ஊருக்கும் தலித்துகளுக்கும் நடுவே எழுந்த சுவர். அதில் ஒரு பகுதியை 2008 மே மாதம்தான் இடித்தார்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறி விழுந்த சுவர். தூக்கத்திலேயே 17 தலித்துகளைக் கொன்ற சுவர். 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் வருவதற்குச் சில நாட்கள் முன் அகமதாபாத்தில் குடிசைகளுக்கு முன்னால் சாலையோரமாக எழுப்பிய சுவர். முதல் சுவர் நாங்கள் போகாமலிருக்க. கடைசிச் சுவர் நாங்கள் கண்ணில் படாமலிருக்க. எங்கள் வரைபடத்திலும் சாலைப் பக்கம் நான்கு மாடி உயரத்துக்கு ஒரு சுவர் இருந்தது. சின்ன ஜன்னல்களோடு, எங்கள் நன்மைக்காக.

இங்கேதான் அறம் சார்ந்த கேள்வி வருகிறது. ஒரே சுவர் ஒரு இடத்தில் பாதுகாப்பாகவும் இன்னொரு இடத்தில் ஒதுக்கலாகவும் எப்படி ஆகிறது? செங்கல் ஒன்றுதான், கனமும் ஒன்றுதான். நியூகாசில் தொழிலாளி சாலைக்கு முதுகைக் காட்டினால் அவன் சாலையை ஒதுக்குகிறான். நாங்கள் காட்டினால் சாலை எங்களை ஒதுக்குகிறது. சுவருக்குப் பின்னால் இருக்கிற சரித்திரம் வரைபடத்தில் விழாது. பொறியாளரின் அளவுகோலில் அதற்குக் கோடு இல்லை. அதைச் சொல்ல அங்கே குடியிருக்கப் போகிறவர்தான் வேண்டும். அவரைக் கேட்காமல் போடுகிற வரைபடம், எவ்வளவு கருணையோடு போட்டாலும், கயிறு பிடித்துக் கிழக்கே ஒதுக்கின பழைய வேலையின் தொடர்ச்சிதான். நான் சொல்வதைப் பொறியாளர் மேல் வைக்கிற குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரைவிடத் தெரிந்தவன் நான். நானும் கேட்கவில்லை. என் மாணவனின் சாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுடைய ஆயாவையே வாயடைக்கப் பார்த்தேன்.

4

அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம். இந்த முறை பெண்கள் சாக்பீஸ் எடுத்துத் தரையில் வீட்டை நிஜ அளவில் வரைந்தார்கள். பதினேழரைக்குப் பதினெட்டரை. உள்ளே படுத்துப் பார்த்தார்கள். குழம்புச் சட்டி எங்கே, தையல் மெஷின் எங்கே, பெரிய பெண்ணுக்குத் துணி மாற்ற மறைப்பு எங்கே. வயசான மாமனார் ராத்திரி எழுந்து போனால் யாரை மிதிப்பார்? பொறியாளர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். நடைபாதையைச் சாலைப் பக்கம் கொண்டு வாருங்கள். அடுத்து சமையலறை, குளியலறை, கழிப்பறை. கடைசியாகக் குடோன் பக்கம் படுக்கிற அறை. இரைச்சலுக்குக் குறுக்கே நிற்க வேண்டியது நின்றுவிடுகிறது, கதவும் சாலைக்கு வந்துவிடுகிறது. தரைத்தளம் மூன்றடி உயரட்டும். படி நேராகச் சாலையில் இறங்க வேண்டாம், பக்கவாட்டில் இறங்கட்டும். இரும்புக் கம்பி வேலி வேண்டும். முன்னால் இருக்கிற பத்தடியில் தள்ளுவண்டிகள் நிற்கட்டும். கிழவர்களுக்கும் கால் ஊனமானவர்களுக்கும் குலுக்கல் கூடாது, தரைத்தளம் அவர்களுக்குத்தான். இதுவரை பொறியாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அடுத்து சொன்னதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது.

"நடைபாத அஞ்சடி பத்தாது சார். ஆறடி வேணும். வூட்ல ஒரு அடி கொறச்சுக்குங்க."

அய்ந்தடியில் ஆள்தான் போகலாம். ஆறடி என்றால் ஓரமாக ஒருத்தி உட்கார்ந்து இட்லி ஊற்றலாம், பூக் கட்டலாம், பிள்ளை உட்கார்ந்து படிக்கலாம், சாவு விழுந்தால் நாலு பேர் உட்காரலாம். அவர்கள் கேட்டது நடைபாதையை அல்ல, திண்ணையை.

பொறியாளர் தடுத்தார். "ஏற்கெனவே சின்ன வீடும்மா. இன்னும் சின்னதாக்கச் சொல்றீங்களே." அவர் கவலையிலும் நியாயம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். சமையலறை, குளியலறை, கழிப்பறை போனால் படுக்கிற அறைக்கு 210 சதுர அடி மிஞ்சும். அய்ந்து பேர் குடும்பத்தில் ஆளுக்கு 3.9 சதுர மீட்டர். இந்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு, பொதுக்கூடத்தில் படுக்கிற கைதிக்கு 3.71 சதுர மீட்டர் தரை தர வேண்டும் என்கிறது. கைதிக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு முறம் அளவு. அந்த ஒரு அடியைத் திண்ணைக்குக் கொடுத்தால் ஆளுக்கு 3.58. கைதியின் அளவுக்கும் கீழே.

நான் இந்த எண்களைக் கூட்டத்தில் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். "ஜெயில்ல கூட இதவிட எடம் ஜாஸ்தி" என்றேன். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா சிரித்தார். "ஜெயில்ல திண்ணை கீதா?" என்று கேட்டார்.

5

சின்ன வீடு அவமானமா? அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தின் ஒரு பகுதி பம்பாய் பரேலில், 'சால்' எனப்படும் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் கழிந்தது. அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கவும் படிக்கவும் இடமில்லை. முதலில் பிள்ளையைத் தூங்கவிட்டு, அப்பா ராம்ஜி விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் படுப்பார். உலகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கித் திரும்பிய பிறகும் அவர் பல வருடம் பரேல் சாலில்தான் இருந்தார். 1930-களில் தாதரில் 'ராஜகிருகம்' கட்டியபோது அதில் பெரிய இடத்தைப் புத்தகங்களுக்கு ஒதுக்கினார். சாலில் இருந்தபோது அவர் மதிப்புக் குறைந்தவராகிவிட்டாரா? 1917-இல் பரோடாவில் அவர் தங்கியிருந்த பார்சி விடுதி எங்கள் குடிசைகளைவிடப் பெரியதுதான். அங்கிருந்துதான் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அவமானம் சதுர அடியில் இல்லை.

ஆனால் இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தினால் ஆபத்து. "பார்த்தீர்களா, அவர்களே சின்ன வீடு போதும் என்கிறார்கள், ஏழைகளுக்குத் திண்ணை போதும்" என்று எழுதப் பேனாக்கள் தயாராக இருக்கின்றன. நம்முடைய பொறுமையைப் பண்பாடு என்று பாராட்டுவது பழைய தந்திரம். எனவே தெளிவாகச் சொல்கிறேன். உள்ளே குறைத்ததை வெளியே திருப்பித் தர வேண்டும். எதைக் குறைப்பது என்பதை இருக்கப் போகிறவர்கள் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகு, அவர்கள் விட்டுக்கொடுத்ததை அடுத்த திட்டத்துக்கு அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் குறுகிய வீடு என்பது குறுக்கப்பட்ட வாழ்க்கைதான். இந்த அக்கா விட்டுக்கொடுத்த ஒரு அடி அவருடையது. அதை இன்னொரு தெருவின் பெண்களிடமிருந்து பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

குறுகலை விட்டால் வேறு என்ன கொடுக்கிறார்கள்? தூரம். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்து எட்டு மாடிகளுக்கும் சென்னையின் உழைக்கிற சனங்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். வடசென்னையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை நாலு மணிக்குக் காசிமேட்டில் மீன் எடுக்கிறவர் அங்கிருந்து எப்படி வருவார்? கண்ணகி என்று பெயர் வைத்தார்களே, அந்தக் காப்பியத்தைப் படித்தவர்கள் யாராவது யோசித்திருப்பார்களா? மதுரைக்கு வந்த கண்ணகி முதலில் மதிலுக்கு வெளியே, புறஞ்சேரியில் தங்கினாள். பிறகு ஆயர் பெண் மாதரியின் சிறு வீட்டில்தான் இருந்தாள். ஒரு காதைக்கே 'புறஞ்சேரியிறுத்த காதை' என்று பெயர். பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

தூரத்தை மறுத்துக் குறுகலை ஏற்றுக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. சிலி நாட்டின் இகிகே நகரத்தின் நடுவில், கின்டா மன்றாய் என்ற இடத்தில், முப்பது வருடமாகக் குடியிருந்த சுமார் நூறு குடும்பங்களை வெளியே அனுப்பாமல் அதே அரை ஹெக்டேரில் 2004-இல் வீடு கட்டினார்கள். அரசு கொடுத்த பணம் குடும்பத்துக்கு 7,500 டாலர். முழு வீடு கட்ட அது போதாது. அலஹாந்த்ரோ அராவெனாவின் குழு பாதி வீட்டைக் கட்டி, மீதிப் பாதிக்குப் பக்கத்தில் வெற்றிடம் விட்டது. 36 சதுர மீட்டரில் தொடங்கியவர்கள் 70 வரை தாங்களே கட்டிக்கொள்ளலாம். இதிலும் குறை உண்டு. அரசு செய்ய வேண்டிய பாதியை ஏழையின் வேர்வை செய்கிறது. ஆனால் 'இங்கேயே' என்ற சொல்லை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் நிலம் 42 அடி அகலம்தான். பக்கத்தில் விட வெற்றிடம் கிடையாது. எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றிடம் அந்த ஒரு அடித் திண்ணை.

6

இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் கேட்டுக்கொண்டேன். இரண்டு ஞாயிறாக வீட்டைத்தானே திருத்தினோம்? ஜன்னலைச் சின்னதாக்கினோம், கதவை மாற்றினோம், தளத்தை உயர்த்தினோம், அறையைக் குறைத்தோம். சாலைக்கு ஒரு கோடுகூடப் போடவில்லையே. சாலையை மழை மாதிரி, வெயில் மாதிரி, மாற்ற முடியாத இயற்கை என்று எல்லோருமே எடுத்துக்கொண்டோம். லாரி இப்படித்தான் ஓடும், நீ ஒதுங்கிக்கொள். ஊர்த்தெரு இப்படித்தான் இருக்கும், நீ சுற்றிக்கொண்டு போ. என் அப்பாவுக்குச் சொன்னதும் இதேதானே?

சாதியும் இப்படித்தான் வேலை செய்கிறது. சரிசெய்துகொள்ள வேண்டிய கடமையை எப்போதும் ஒரே பக்கத்தில் வைக்கிறது. அடிப்பவனுக்கு வரைபடம் கிடையாது. அடிபடுகிறவன்தான் தன் வீட்டை, உடையை, நடையை, குரலைத் திருத்தித் திருத்தி வரைய வேண்டும். பொது இடத்தில் சாதி எங்கே என்று கேட்கிற நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். யார் ஒதுங்குகிறார்கள், யாருக்காக ஒதுங்குகிறார்கள்?

மூன்றாவது ஞாயிறு இதைச் சொன்னேன். பொறியாளர் ஒப்புக்கொண்டார். "சாலை என் கையில் இல்லை, அது வேற துறை" என்றார். உண்மைதான். மனு எழுதினோம். இரவில் அந்த 330 அடிக்கு லாரிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டும், வேகத்தடை வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடக்க விளக்கு வேண்டும், ஓரத்தில் மரம் வேண்டும். எல்லாம் பணக்காரர் குடியிருப்புச் சாலைகளில் கேட்காமலேயே வருகிறவைதான். வீட்டுக்கான வரைபடமும் சாலைக்கான மனுவும் ஒரே உறையில் போயின. இதை எழுதும் நாளில் இரண்டுக்கும் பதில் வரவில்லை. வீட்டுக்கு ஒருவேளை வரலாம். 'இதே இடத்தில்' என்பதை மறுபடியும் மாற்றிப் பேசவும் செய்யலாம். அப்படி வந்தால் நான்காவது முறை.

எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. வாசல் சாலைக்குத் திறந்து, கம்பியும் படியும் போட்ட பிறகும், ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினால்? அப்போது 'வாசலை முன்பக்கம் வைக்கச் சொன்னது நீங்கள்தானே' என்று கேட்பார்கள். பொறியாளர் கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்வேன். உரிமையைக் கேட்டவர்கள் ஆபத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்பது என்ன நியாயம்? கவுரவமா உயிரா என்று எங்களை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்? இரண்டும் தானாகக் கிடைக்கிறவர்கள் இதே நகரத்தில் இதே சாலையின் மறுமுனையில் இருக்கிறார்கள். என்னிடம் முழு விடை இல்லை. இந்தத் தேர்வைச் செய்யும் இடத்தில் நான் உட்காரக் கூடாது என்பது மட்டும் தெரிகிறது.

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தகரக் கதவுக்கு வெளியே, லாரிக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில், பலகையைப் போட்டு உட்கார்ந்து கருவாடு கூறுகட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் விழுந்த இடம் அங்கிருந்து பத்தடி. நான் எதுவோ சொல்ல ஆரம்பித்தேன். "வுடு கண்ணு" என்றார். "அந்தத் திண்ண ஆறடின்னு எழுதிட்டாங்களா, பென்சில்ல எழுதினாங்களா, பேனால எழுதினாங்களா, அத மொதல்ல போய்ப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். பென்சிலில்தான் இருந்தது.